எழுத்தில்லாக் காசும் லட்ச ரூபாய்க் கனவும்

“எழுத்தே விழாத ஒரு ரூபா இருந்தா லட்சக்கணக்குல வாங்கிக்கிறாங்களாம்!” செல்போன் வீடியோ புண்ணியத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்ட பேச்சு இது. அப்படிக் காசு உண்டு என்பது நிஜம். லட்சம்தான் பொய்.

அச்சு விழும் வரை காசு என்பது வெறும் உலோக வில்லை. தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, சூடேற்றி இளக்கி, ஓரத்தை அழுத்தி மேடாக்குவார்கள். பிறகுதான் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அடிப்பது. அடி விழாமல் நழுவிய வில்லை, அளவு சரியாக இருப்பதால் சலிப்பிலும் சிக்காமல் நல்ல காசுகளோடு மூட்டைக்குள் போய்விடுவதுண்டு. சேகரிப்பாளர்கள் அதை ‘பிளாங்க்’ என்பார்கள்.

விலை ஏன் ஏறுவதில்லை? சேகரிப்பவர் முதலில் தேடுவது ஆண்டையும் அச்சான ஊரையும். மும்பைக் காசில் வைரக் குறி, ஐதராபாத்தில் நட்சத்திரம், நொய்டாவில் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. வில்லையில் ஆண்டும் இல்லை, அந்த மூன்று குறிகளும் இல்லை. அரிய காசு என்று எதைக் காட்டி விலை சொல்வது? பிழைக் காசுகளுக்குப் பெரிய சந்தை உள்ள அமெரிக்காவிலேயே சாதாரண ஒரு சென்ட் வில்லை சில டாலருக்குத்தான் போகிறது. வெள்ளி வில்லை என்றால் கதை வேறு.

வில்லை நாணயச் சாலையிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. நம் சேலம் உருக்காலையிலேயே நாணயத்துக்கான எஃகு வில்லை வெட்டும் பிரிவு உண்டு. ஆலையிலிருந்து யாராவது கொண்டு வந்திருந்தால் அது அபூர்வப் பொருள் அல்ல, திருட்டுப் பொருள். 2011 நாணயச் சட்டப்படி அரசு முத்திரை விழுந்து செல்லுபடியாவதுதான் நாணயம். ஆக, இந்த வில்லையை மளிகைக் கடையில் நீட்டினால் ஒரு ரூபாய்க்கும் பெறாது.

இவ்வளவும் கையிலிருப்பது உண்மையான வில்லையாக இருந்தால். பல நேரம் அது வில்லையே இல்லை.

குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர்ச் சபை, பொன்னின் மாற்றுப் பார்ப்பவர்களைத் தேர்ந்தெடுக்கவும் கல்வெட்டில் விதி எழுதி வைத்தது. அந்த ஊரில் எதையும் சோதிக்காமல் நம்பலாமா? நகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். 2011-இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் திருப்பினால் சிங்கத்தின் நிழலோ எண்ணின் வளைவோ தட்டுப்படும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பட்டறைகளில் தகட்டில் துளை போடும்போது விழும் சில்லும் பளபளப்பாகத்தான் இருக்கும். அதன் ஒரு பக்க ஓரம் மழுங்கி, மறுபக்கம் பிசிறு நகத்தில் கீறும். ஓரம் மேடாக்காத வில்லையும் இப்படித்தான் இருக்கும் என்பதால் எடையும் தடிமனும் ஒத்துவராமல் நம்பக்கூடாது. ஓரம் மேடான வில்லை, விளிம்பு தூக்கிய சின்னத் தட்டு மாதிரி இருக்கும்.

காந்தம் ஒட்டினால் அசல் என்பதும் கதைதான். ஒரு ரூபாயின் எஃகு காந்தத்தில் ஒட்டும், சரி. பட்டறைச் சில்லும் இரும்பு வாஷரும் ஒட்டாதா என்ன?

“ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொள்ளும், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று போன் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையே தனக்கில்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது.

ஏர் ஓட்டும்போது எழுத்தழிந்த செப்புக் காசுகள் புதையலாகக் கிடைத்தால் அது தனி விவகாரம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சேகரிப்பாளர்கள் நிஜமாகவே காசு கொடுப்பது, அச்சு பாதி விலகி விழுந்தவற்றுக்கும், ஒரு மதிப்பின் அச்சு வேறொரு மதிப்பின் வில்லையில் விழுந்தவற்றுக்கும்தான். அதில் ஆண்டு தெரிந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒன்று அகப்பட்டால் புளி போட்டுத் தேய்த்து வைக்காதீர்கள். தேய்த்த காசுக்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.