தலைக்குள் தூங்கும் கிருமி

ஒரு பக்கக் கைகால் விளங்காமல் போய், பேச்சுக் குழறி, வலிப்பும் வந்துவிட்டால், "முனி அடிச்சிருச்சு" என்று கோடாங்கிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் நம் லயங்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. கும்பிடுவதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் தலைக்குள் என்ன நடக்கும் என்பதைத் தோட்டக் குடும்பத்தார் அறிய வேண்டும்.

டொக்சோபிளாஸ்மா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. 1908 ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் எலி இனப் பிராணியொன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பூனையின் மலத்தோடு மண்ணில் சேர்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மரக்கறிப் பாத்தி கொத்திய கையாலே சாப்பிட்டாலும், கழுவாத கீரையாலும், அரைவேக்காட்டு இறைச்சியாலும் நம் உடம்புக்குள் வரும். காட்டுப்பன்றியை நெருப்பில் வாட்டி அப்படியே தின்பவர்கள் இதைக் கவனிக்க!

சுகதேகிக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மூளையிலும் தசையிலும் ஒடுங்கித் தூங்கிவிடும். நோய் எதிர்ப்புச் சக்தி என்ற காவல்காரன் தளர்ந்தால்தான் விழிக்கும். எச்.ஐ.வி. முற்றியவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர்கள் ஆகியோருக்கே ஆபத்து. அப்போது மூளையில் கட்டிபோல் வீக்கம் உண்டாகும். நாட்கணக்காகத் தலையிடி, காய்ச்சல், ஆள் தடுமாற்றம், பிறகு வலிப்பு. உரிய காலத்தில் மருந்து தொடங்கினால் அநேகர் இரண்டு வாரத்துக்குள்ளேயே தேறத் தொடங்குவார்கள். பிந்தினால் உயிரே போகும்.

இலங்கையில் எச்.ஐ.வி. 1987 இல் முதலில் அறியப்பட்டது. இன்று அதற்கு அரசாங்க பாலியல் நோய் கிளினிக்குகளில் இலவசமாக மாத்திரை உண்டு. பதுளைப் பெரியாஸ்பத்திரியிலும் பரிசோதிக்கலாம். பெயர் வெளியே போகாது. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவருக்குக் காவல்காரன் மீண்டும் எழுந்து நிற்பான். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த ஒட்டுண்ணி விழிக்காதிருக்கத் தனி மாத்திரையும் கொடுப்பார்கள். அடுத்த லயத்தார் என்ன சொல்வார்களோ என்று ஒளிந்திருப்பதுதான் நமக்குப் பெரிய கவலை. மூளையில் வந்த இந்நோய் பக்கத்தில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ தொற்றாது.

பூனையை விரட்டவும் தேவையில்லை. அதன் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் போதும், ஏனென்றால் ஒரு நாளாவது கடந்தபிறகே அது தொற்றும். அந்த வேலையைக் கர்ப்பிணிகளும் பலவீனமானவர்களும் செய்யக்கூடாது. பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வலிப்பு வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, அவர் குடிக்கும் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து எவ்வளவு நாளாக என்று டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.