அணைமேல் வழியும் சார்பு

ஆழ்வார்திருநகரியிலிருந்து தாமிரபரணியின் ஓட்டத்துக்கு எதிராகச் சில கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரும். இந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் இதுவே கடைசி. வெள்ளக் காலத்தில் கால்வாய்களுக்குப் போனது போக மிஞ்சும் நீர் இதன் மேல் வழிந்து கடலை நோக்கி ஓடும்.

அணையின் உச்சிக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால், வினாடிக்கு எவ்வளவு நீர் வழிகிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஓர் உயரத்துக்கு ஒரே ஒரு விடைதான். இப்படி, நாம் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றே ஒன்றை விடையாகத் தரும் விதியைச் சார்பு என்கிறோம்.

உயரத்தை உ என்றும், சார்பை ச என்றும் குறிப்போம். ச(உ) என்றால் ச-வை உ-வால் பெருக்குவது அன்று. உ-வை விதிக்குள் இட்டால் கிடைக்கும் விடை. (தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் இந்தப் பெருக்கலைப் பார்க்கிறேன்!) அகன்ற, தட்டையான உச்சியுள்ள அணைக்கு, ஒரு மீட்டர் நீளத்தின் மேல் வினாடிக்கு வழியும் கனமீட்டர் அளவு ஏறத்தாழ இது:

ச(உ) = 1.7 × உ × √உ

இந்த √உ எங்கிருந்து வந்தது? உயரம் கூடினால் வழியும் நீரின் ஆழம் கூடுகிறது. அதோடு வேகமும் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆழத்தையும் வேகத்தையும் பெருக்க, உ × √உ கிடைக்கிறது.

இனி மதிப்பிடுவோம். உ வரும் இடத்திலெல்லாம் 1 இட்டால் ச(1) = 1.7. ச(2) எவ்வளவு? இருமடங்குதானே, 3.4 என்று சொல்லத் தோன்றும். இட்டுப் பாருங்கள்: 1.7 × 2 × 1.414 = 4.8. ஏறக்குறைய மூன்று மடங்கு! ச(4) = 1.7 × 4 × 2 = 13.6. உயரம் நான்கு மடங்கு. நீரோ எட்டு மடங்கு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ரயில் நின்றுபோனது. அத்தகைய வேளையில் "இன்னும் ஓரடிதானே ஏறியிருக்கிறது" என்று எண்ணுவது ஆபத்து. பின்னால் ஏறும் அடி, முதல் அடியைவிட மிகுதியான நீரைக் கொண்டுவருகிறது.

உ-வுக்கு எந்த மதிப்பையும் கொடுக்கலாமா? உச்சிக்குக் கீழே நீர் நின்றால் வழிவதே இல்லை. குறை எண்ணுக்கு √உ-வும் மெய்யெண்ணாகக் கிடைக்காது. ஆகவே உ பூச்சியமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கவேண்டும். இதுவே சார்பகம். மேல்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. அணைக்குக் கீழேயுள்ள ஆற்றிலும் நீர் ஏறி, உச்சியை மூழ்கடித்து வெகுவாக உயர்ந்துவிட்டால், கீழ்ப்பக்க நீர் ஓட்டத்தைத் தடுக்கும். அப்போது மேல்பக்க உயரம் ஒன்றாகவே இருந்தாலும், கீழ்ப்பக்க மட்டத்தைப் பொறுத்து வழியும் அளவு மாறும். ஒரே உ-வுக்குப் பல விடைகள் வந்துவிட்டபின் அது உ-வின் சார்பு அன்று. இரண்டு உயரங்களையும் அளந்தாக வேண்டும்.