பங்குச் சந்தையிற் பருவம் அறிதல்

திருகோணமலை நகரிலிருந்து சீனன்குடாப் பக்கம் செல்வோர் எண்ணெய்த் தாங்கிகளையும் சீமெந்து ஆலையையும் காண்பர். இவற்றோடு தொடர்புடைய லங்கா ஐஓசி, டோக்கியோ சீமெந்து ஆகிய இரு கம்பனிகளின் பங்குகளும் கொழும்புப் பங்குச் சந்தையில் விலைப்படுவன. இளைப்பாறியபோது கிடைத்த பணிக்கொடையைக் கொண்டு இத்தகைய பங்குகளைச் சின்னாளில் வாங்கி விற்று இலாபங் காணலாமா எனப் பழைய மாணவர் சிலர் வினவுகின்றனர். வாழ்நாட் சேமிப்பைப் பற்றிய வினாவாதலின் கணக்கோடு விடை கூறல் வேண்டும்.

கடந்த 20 நாள் முடிவு விலைகளைக் கூட்டி 20ஆல் வகுத்தால் வருவது நகரும் சராசரி. விலை இதனை மேல்நோக்கிக் கடந்தால் வாங்குக என்பர். ஆயின் இது கப்பலின் பின்னே தோன்றும் நுரைத்தடம் போன்றது. வந்த வழியைக் காட்டுமேயன்றி இனித் திரும்பும் திசையைக் காட்டாது. வெல்ஸ் வைல்டர் என்னும் அமெரிக்கர் 1978இல் வெளியிட்ட ஒப்பீட்டு வலிமைச் சுட்டெண் மற்றொன்று. 14 நாட்களிற் சராசரி ஏற்றம் 1 ரூபா 50 சதம், சராசரி இறக்கம் 50 சதம் எனின் விகிதம் 3; சுட்டெண் 75. 70ஐக் கடந்தால் விலை மிகையாக ஏறிவிட்டது என்பது விதி. 2022இல் லங்கா ஐஓசிப் பங்கு பன்மடங்கு உயர்ந்தபோது இவ்விதியை மட்டும் நம்பி முதலிலேயே விற்றவர் பெரும் ஏற்றத்தை இழந்திருப்பார்.

இவற்றினும் மேலான சான்று கட்டளை வரிசை. 1997இல் தன்னியக்க வியாபார முறை வந்தபின், வாங்குவோர் விற்போர் கட்டளைகள் கணினியில் விலைப்படியும், விலை ஒன்றாயின் நேரப்படியும் நிரற்படுகின்றன. எனினும் வெளிக்கடலில் நிற்கும் கப்பலெல்லாம் துறைக்குள் வருவதில்லை. கட்டளைகளும் கணத்தில் மீளப் பெறப்படலாம். ஆதலால் நிறைவேறிய வியாபாரத்தையே நோக்குக. கேட்ட விலையிற் பெருந்தொகை வாங்கப்பட்டும் விலை ஏறாதாயின், பெரிய விற்பனையாளர் ஒருவர் ஓசையின்றி விற்கின்றார் என ஐயுறலாம். நம் சந்தை சிறிது. 100 ரூபாவில் விற்பனைக்கு 500 பங்குகளே இருக்கும்போது, விலை வரம்பின்றி 3,000 கேட்பவர் விலையைத் தாமே உயர்த்தித் தாமே கொடுக்கின்றார்.

இனிச் செலவு. 100 மில்லியன் ரூபாவுக்கு மேற்படாத கொடுக்கல் வாங்கலில் தரகும் வரியும் பிற கட்டணங்களும் சேர்ந்து 1.12 வீதம், வாங்கும்போது ஒருமுறை, சில நாள் கழித்து விற்கும்போது மற்றொருமுறை. 100 ரூபாவுக்கு வாங்கிய பங்கு ஏறத்தாழ 102 ரூபா 27 சதம் ஆனாற்றான் கைமுதல் மீளும். யானும் சராசரியை நம்பி மும்முறை வாங்கி விற்றேன். மும்முறையும் விலை ஏறியது, மும்முறையும் நட்டமே! மாதம் இருமுறை இவ்வாறு முழு முதலையும் சுழற்றுபவர்க்கு ஆண்டில் 24 சுற்று. முதலில் 53 வீதத்துக்கு மேற்பட்ட தொகை செலவாகவே கழியும்.