காட்டுக்கோயிலில் தொடங்குங்கள்: லஸ் முதல் சின்னமலை வரை ஒரு நாள்

மயிலாப்பூருக்கு வருகிறவர்கள் கபாலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லஸ் சர்ச் ரோடு வழியாகத் தினமும் ஆபீஸ் போகிறவர்களில்கூட அந்தச் சர்ச்சுக்குள் நுழையாதவர்கள் நிறையப் பேர். சென்னையின் பழைய தேவாலயங்களைப் பார்க்க நினைத்தால் பெரியதை விட்டுச் சின்னதில் ஆரம்பியுங்கள். ஊருக்கு வெளியே காட்டிலும் பாறையிலும் ஒண்டியாக நின்ற கோயில்கள் அவை. ஊர்தான் பிறகு அவற்றைத் தேடி வந்து சூழ்ந்துகொண்டது.

காலை: லஸ் கோயில்

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். லஸ் கார்னர் பக்கம் மெட்ரோ வேலையால் பாதைகள் அவ்வப்போது மாறுகின்றன. கார் கொண்டுபோவது வீண் தலைவலி. காலை எட்டு, எட்டரைக்குப் போனால் வெயிலும் ஏறியிருக்காது, பூசையும் முடிந்திருக்கும்.

கோயிலின் முறைப்படியான பெயர் பிரகாச மாதா ஆலயம். மயிலாப்பூரின் பழைய ஆட்களிடம் ‘காட்டுக்கோயில்’ என்று கேட்டுப் பாருங்கள், உடனே கை காட்டுவார்கள். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்குத் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறி, காட்டுக்குள் நடந்து வந்தார்களாம். வெளிச்சம் எந்த இடத்தில் மறைந்ததோ அங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க வழியே இல்லை. நடுவில் அத்தனை தெருக்கள்.

பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் 1516இல் கட்டியதாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. போர்த்துகீசியர் சாந்தோமில் ஊன்றியதே 1520களில்தான் என்பதால், அந்த ஆண்டை அப்படியே ஏற்காத வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. சில பத்தாண்டுகள் தள்ளிவைத்தாலும் கோயிலின் பெருமை குறையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்தது 1639இல். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல்தான் திறக்கப்பட்டது. ‘மெட்ராஸ்’ என்று ஓர் ஊர் உருவாகும் முன்பே இந்தக் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் பீடத்தைப் பார்க்க அவசரப்பட வேண்டாம். முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். எழுத்து பொறித்த கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒரு காலத்தில் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களைக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்வது வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுப் பட்டுச் சில எழுத்துகள் வழவழப்பாகிவிட்டன. நேராகப் பார்த்தால் படிக்க முடியாத வரிகள், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று பார்த்தால் தெரியும். அதன் பிறகு தலையை நிமிர்த்தி வளைவான கூரையையும் மாதா பீடத்தையும் பாருங்கள். அரை மணி நேரம் போதும். அவசரமில்லாதவர்கள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்தால் அதே சாலையில் நாகேஸ்வரராவ் பூங்கா, மர நிழலில் உட்கார வசதி. டிபனுக்கு மாட வீதிகள் பக்கம் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தில் இட்லியும் பொங்கலும் சூடாக இருக்கும்.

முற்பகல்: சாந்தோமில் ஒரு நடை

லஸ்ஸிலிருந்து ஆட்டோவில் பத்து, பதினைந்து நிமிடம். ஏறும் முன் ஆப்பில் என்ன கட்டணம் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். இயேசுவின் சீடரான தோமா கி.பி. 52இல் இந்தியா வந்து, 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1523 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிய கோயில் போய், இப்போதுள்ள கட்டடம் 1896இல் எழுந்தது. 155 அடிக் கோபுரம் எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் பின்பக்கம் போங்கள். நிலத்தடிக் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி இருப்பதால், மேலே பூசை நடந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இறங்கிப் பார்க்கலாம்.

பழைய கபாலீஸ்வரர் கோயில் இந்தக் கடற்கரைப் பக்கம்தான் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாந்தோமில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மயிலாப்பூரைப் பார்க்க வருகிறவர் இதையும் தெரிந்துகொண்டு போவதுதான் முறை.

பிற்பகல்: சின்னமலை

சாந்தோமிலிருந்து அடையாறு வழியாக ஆட்டோவில் வரலாம். தி.நகர், சைதாப்பேட்டைப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு மெட்ரோ வசதி. கோயிலின் பெயரிலேயே சின்னமலை நிலையம் இருக்கிறது. மலை என்று சொன்னாலும் மூச்சு வாங்க ஏறவேண்டியதில்லை. ஒரு பாறைமேடு, அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்களையும் தாராளமாக அழைத்து வரலாம்.

முன்னால் தெரியும் வட்ட வடிவப் பெரிய ஆலயம், தோமா இறந்து பத்தொன்பது நூற்றாண்டுகள் நிறைந்ததை ஒட்டி 1970களின் தொடக்கத்தில் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது அதை ஒட்டியிருக்கும் பழைய ஆரோக்கிய மாதா கோயில். 1551இல் போர்த்துகீசியர் கட்டியது என்பார்கள். அதன் பக்கத்தில் குகை. வாசல் தாழ்வு, முதுகை நன்றாக வளைத்துத்தான் நுழைய வேண்டும். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோமா ஒளிந்திருந்த குகை இதுதான் என்றும், அவரைத் தேடி வந்தவர்கள் நெருங்கியபோது பாறையில் இருக்கும் அந்தச் சின்னத் திறப்பு வழியாகத் தப்பிப் பரங்கிமலைக்குப் போனார் என்றும் நம்பிக்கை. பாறையில் அவருடைய கைத்தடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். வெளியே, அவர் மக்களின் தாகம் தீர்க்க வரவழைத்ததாகச் சொல்லப்படும் ஊற்று இருக்கிறது.

குகைக்குள் ஒரே சமயத்தில் சிலர்தான் நிற்க முடியும். உள்ளே ஜெபம் செய்கிறவர்கள் எழுந்து வரும்வரை வாசலில் பொறுத்திருங்கள். ஈஸ்டருக்குப் பின் வரும் திருவிழா நாட்களில் கூட்டம் தெருவரை நிற்கும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழாவையே பார்க்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல சமயம் கிடையாது.

இன்னும் நேரம் இருந்தால்

சின்னமலையில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் பரங்கிமலை. மேலே 1523இல் கட்டிய கோயிலும், பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவையும் இருக்கின்றன. ஏறும் படிகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அடையாற்றின் மேல் சைதாப்பேட்டைப் பாலத்தை முதலில் 1726இல் தன் பணத்தில் கட்டியவரும் அவர்தான். இன்று அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல்வரை வண்டிப் பாதை உண்டு.

போகும் முன்

எங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். பல கோயில்கள் மதியம் பூட்டியிருக்கும் என்பதால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை அடுத்தடுத்து பூசை நடக்கும், சுற்றிப் பார்க்கத் தோதுப்படாது. சனி, ஞாயிறு மாலைகளில் கல்யாணம், ஞானஸ்நானம் இருக்கலாம். செருப்பைக் கழற்றுவது இடத்துக்கு இடம் மாறும், வாசலில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். உள்ளே படம் எடுக்கும் முன் உபதேசியாரையோ அங்கே வேலை செய்பவரையோ கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. அந்த நாட்களில் அடையாறு வழியே வண்டி நகராது. அப்போது வருகிறவர்கள் காலையில் லஸ்ஸையும் சாந்தோமையும் முடித்துக்கொண்டு, சின்னமலைக்கு மெட்ரோவிலேயே போய்விடுங்கள்.