மலாக்கா கவிழ்ந்தது பீரங்கியாலா?

கேள்வி: ‘1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தனர்’ என்று பள்ளியில் ஒரே வரியில் படித்தோம். கப்பலில் வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரால் அவ்வளவு பணக்கார ராஜ்யத்தைச் சாய்க்க முடியுமா? பீரங்கிதான் காரணமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பீரங்கிகள் மலாக்காவிடமும் இருந்தன. இல்லாமல் போனது வேறொன்று.

அந்த ஊரில் சொந்தமாக விளைந்தது சொற்பம். சோற்றுக்கு அரிசியே ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டும். உள்நாட்டுச் சரக்கு என்றால் வெள்ளீயம். அதைக் கட்டிகளாக வார்த்து, பத்துப் பத்தாகப் பிரம்பால் கட்டி வைத்ததைச் சீனப் பயணி மா ஹுவான் எழுதியிருக்கிறார். 1400 வாக்கில் மலாக்காவை நிறுவிய பரமேசுவரா இங்கே வந்து சேர்ந்தபோது, கையில் இருந்தது ஓராங் லாவுத் என்னும் கடலோடி மக்களின் துணைதான். சயாம் மிரட்டியது, மிங் பேரரசரின் தயவைத் தேடிக்கொண்டார். 1411இல் தாமே சீனாவுக்குப் போய்வந்தார்.

மேற்கிலிருந்து ஒரு காற்றில் கப்பல் வரும், சீனத்திலிருந்து மறு காற்றில் வரும். காற்று மாறும்வரை இரு தரப்பும் காத்துக் கிடக்கும் இடம் மலாக்கா. காத்திருப்பவனுக்கு வேண்டியது கிடங்கும் நியாயமான விலையும். அதற்குத்தான் ஷாபந்தர்கள் என்னும் நான்கு துறைமுக அதிகாரிகள்: குஜராத்திகளுக்கு ஒருவர், தமிழர் முதலான வங்கக்கடல்காரர்களுக்கு ஒருவர், தீவுக்காரர்களுக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். கப்பல் வந்ததும் பத்திருபது வியாபாரிகள் கூடி உட்கார்ந்து மொத்தச் சரக்குக்கும் விலை பேசி முடித்துவிடுவார்கள். மேற்கிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கம் நூற்றுக்கு ஆறு. பேரம் இழுபட்டால் காற்று போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் சுல்தான் மஹ்மூத் காலத்தில் கெட்டது. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதையைக் கேளுங்கள். ஷாபந்தர் ராஜா முதலியாருக்கும் பெருவணிகர் நைனா சூரதேவனுக்கும் ஒரு வழக்கு. இருவரும் தமிழர்கள்தாம்! நைனா, முதன்மந்திரி துன் முத்தாகிருக்குப் பொன் கொடுத்தார். சேதி கசிந்தது. பயந்துபோன முதலியார், முதன்மந்திரி அரியணைக்குக் குறி வைக்கிறார் என்று சுல்தான் காதில் விழ ஏற்பாடு செய்தார். மந்திரி குடும்பத்தோடு கொல்லப்பட்டார். புகார் பொய் என்று தெரிந்தபின் முதலியார் தலையும் போனது. கதையில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தத் துறைமுகத்தில் நியாயம் எந்த விலைக்குப் போனது என்பது புரிகிறது.

அதற்கு மறுவருடமே போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் வந்தார். துறைமுகத்தில் நின்ற சீன வணிகர்கள் அவருக்குக் கப்பல் கொடுத்து உதவினார்கள். முன்பு 1509இல் மலாக்காவில் சிறைபட்ட போர்ச்சுகீசியருக்கு ரகசியமாக உதவியவர் நைனா சாத்து என்ற தமிழ் வணிகர். தெருச்சண்டையில் சுல்தானின் யானைப்படை சிதறியது. அவர் பகாங் பக்கம் தப்பியோடினார்.

வென்றவர்களுக்கும் அந்த வியாபாரம் முழுசாகக் கிடைக்கவில்லை. முஸ்லிம் வணிகர்கள் அச்சே போன்ற துறைகளை நாடிப் போனார்கள். நைனா சாத்துவை இந்துக்களுக்குத் தலைவராக்கிய போர்ச்சுகீசியர், 1514இல் அந்தப் பதவியைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காத அந்த மனிதர் சிதை அடுக்கி, அதில் தாமே இறங்கிவிட்டார்.