பருப்பு வேகாத தண்ணீர்

நம் சங்க நண்பர்களில் பலர் யமுனைக்கு அப்பால் நொய்டாவில் வீடெடுத்துத் தங்கி, நாள்தோறும் மெட்ரோ ஏறி வகுப்புக்கு வருகிறவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். நால்வர் கூடிச் சமைத்து உண்கிறோம். சென்ற ஆண்டு விஜயதசமி கழிந்த சில நாட்களில் எங்கள் அடுக்களையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மூன்று விசிலில் குழைந்துவந்த துவரம்பருப்பு, ஏழு விசில் அடித்த பின்னும் முழுசு முழுசாகவே கிடந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. தலைமுடி வைக்கோல் ஆயிற்று. தொலைபேசியில் ஊருக்குச் சொன்னேன்.

"உப்புத் தண்ணியில பருப்பு எங்கேடா வேகும்? ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடு" என்றார் அம்மா.

போட்டோம், வெந்தது. சோடா பருப்பிலுள்ள பி வைட்டமினைக் கெடுக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இரசாயனம் படிப்பவன் நான். ஆயினும் நோயைக் கண்டு சொன்னவர் அவர்!

தண்ணீர் திடீரென மாறுவானேன்? நொய்டாவின் குழாய்களில் வருவது ஒரே நீர் அன்று. அரித்துவாரத்தில் பிரியும் மேல் கங்கைக் கால்வாயின் நீர் முராத்நகரில் எடுக்கப்பட்டு, காசியாபாத்தில் தூய்மையாக்கப்பட்டு வருகிறது. அதனோடு நிலத்தடி நீரும் சேர்கிறது. 1854-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயை ஆண்டுதோறும் தசராவை ஒட்டி மூடித் தூர் வாருவார்கள். தீபாவளி வாக்கில் மறுபடியும் திறப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே பெரும்பாலும் கதி.

கங்கை நீர் ஒப்புநோக்க மென்மையானது. நிலத்தடி நீரின் கதை வேறு. மழைநீர் மண்ணுள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. இந்தச் சமவெளியின் வண்டலில் சுக்கான் கல் நிறைய உண்டு. அமிலநீர் அதைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுடன் கொண்டுபோகிறது. மக்னீசிய உப்புகளும் உடன் செல்கின்றன. இவை சோப்பைக் கண்டால் அதனோடு கூடிக் கரையாத திப்பியாகின்றன. அவை எல்லாம் தீர்ந்த பிறகே நுரை வரும். பருப்பிலோ, செல்சுவரின் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிணைத்துவிடுகிறது, பருப்பு குழைவதெப்படி?

காய்ச்சினால் பைகார்பனேட்டு சிதைந்து, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறது. இதனால் நீங்குவதே தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டும் குளோரைடும் காரணமானால் காய்ச்சிப் பயனில்லை. அது நிரந்தரக் கடினத்தன்மை.

அளவறிய விரும்புவோர் ஆய்வுக்கூடத்தில் 50 மி.லி. நீர் எடுத்து, அம்மோனியத் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் கறுப்புச் சாயமும் சேர்த்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செந்நிறம் தெளிந்த நீலமாகும் இடத்தில் நிறுத்துக. 20 மி.லி. செலவானால் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம். இந்தியத் தரநிர்ணயம் விரும்பும் எல்லை 200. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. வாளிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் இது பகையே தவிர, நஞ்சு அன்று.

இது தெரிந்தும் நாங்கள் அஞ்சினோம். சிறுநீரகத்தில் கல் வரும் என்று ஒருவர் மிரட்டியதால் குடிநீரை நாள்தோறும் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் குடித்துவந்தோம். அப்போதுதான் ஆர்.ஓ. கருவி விற்பவர் ஒருவர் பேனாப் போன்ற சிறு கருவியுடன் வந்தார். அதை எங்கள் தண்ணீரில் அமிழ்த்தி, எண்ணைக் காட்டி, "விஷம்" என்றார். அந்தப் பேனா உண்மையில் அளப்பது மின்கடத்துத் திறனை. அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் கணிக்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் மென்னீராக்கியில் நீரைச் செலுத்திப் பாருங்கள். சோப்பு நுரைத்துத் தள்ளும், பேனாவின் எண்ணோ ஏறக்குறைய அப்படியே நிற்கும்!

தீபாவளி கழிந்து கால்வாய் திறந்தது. பருப்பு மூன்று விசிலுக்குத் திரும்பியது. பேனா ஒன்றை நாங்களே வாங்கி அமிழ்த்தினோம். எண் 300-க்கும் கீழே. கரைந்த உப்பு 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பணித்ததையும் படித்திருந்தோம். கருவி கழித்து ஊற்றும் நீர் கொஞ்சமன்று, பணிப்பு நியாயமானதே. ஆனால் நாங்கள் அதற்கு ஒரு படி மேலே போய், கொதிக்கவைப்பதையும் நிறுத்தினோம். எங்களுள் இளையவர் திருநெல்வேலிக்காரர். தாமிரபரணி குடித்து வளர்ந்தவர். "அண்ணாச்சி, இப்பத்தான் தண்ணி மாதிரி இருக்கு" என்று குழாயிலேயே பிடித்துக் குடிப்பார்.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல். பிறகு கண் மஞ்சளாயிற்று. சாக்கடை கலந்த நீரால் பரவும் வகைக் காமாலை என்றார் மருத்துவர். பருவத் தேர்வு எழுதாமல், துணைக்கு ஒருவரோடு ரயிலேறினார்.

அவரை அனுப்பிவிட்டு வந்து கட்டடத்தின் நிலத்தொட்டியைப் பார்த்தேன். மூடி விரிந்திருந்தது, கைநீட்டும் தூரத்தில் கழிவுக் குழாய் கசிந்தது. குவாலியர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்றுண்டு. மருந்து தோய்த்த தாளிட்ட புட்டியில் நீரை ஊற்றிவைத்தால், மலக்கிருமி கலந்திருப்பின் ஓரிரு நாளில் கறுத்துவிடும். எங்கள் புட்டி மறுநாளே மை போல் கறுத்தது. பேனா அப்போதும் அதே நல்ல எண்ணையே காட்டியது.

கடின நீர் வந்த மாதத்திலும் அந்த மூடி விரிந்துதான் இருந்திருக்கும். கல்லுக்கு அஞ்சிக் காய்ச்சினோம், அதனால் தப்பினோம்.

கட்டட உரிமையாளரோடு இரண்டு வாரம் வழக்காடி மூடியை மாற்றி, குழாயை அடைத்து, தொட்டியைக் குளோரின் இட்டுக் கழுவினோம். அடுத்த புட்டி கறுக்கவில்லை. திருநெல்வேலி நண்பர் தைப் பொங்கல் முடிந்து திரும்பினார். வந்தவுடன் அடுக்களைக்குள் போய்ப் பானையைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சினதுதானே அண்ணாச்சி?" என்று கேட்டார்.