முதலில் தண்ணீருக்கு வழி

அன்புள்ள கயல்விழிக்கு,

கோவில்பட்டி மனையில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை வண்டிப் பாதை போடும் பொறுப்பை அப்பா உன்னிடமே விட்டுவிட்டார் என்று அறிந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு சொந்த வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. கூலி வராது, திட்டு நிச்சயம் வரும். ஜேசிபி நாளைக்கே வருகிறது, அரை நாளில் மட்டம் பண்ணிவிடலாம் என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் தள்ளிப் போடு.

வீட்டைச் சுற்றியுள்ள தரை மட்டமாக இருக்கவே கூடாது. நடவு வயலில் தண்ணீர் கட்டிப் பரம்படிப்பது, தண்ணீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்பதற்காக. உனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: விழுந்த மழை சுவரைவிட்டு விலகி ஓட வேண்டும். கொத்தனார்கள் வாட்டம் என்று கேட்பது இதைத்தான். சிமென்ட் தளமோ பேவர் பிளாக்கோ என்றால் 50 அடிக்கு ஓர் அடி போதும். உன் பாதை 40 அடி என்றால் போர்டிகோவுக்கும் கேட்டுக்கும் இடையே 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கம் வரும். சுவரையொட்டிய வெறும் மண் தரைக்கு இன்னும் தாராளமாக, முதல் 10 அடிக்குள் அரை அடி இறக்கு.

அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? இதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்காதே. சாலைக்கு என்று சட்டென்று சொல்லிவிடுவாய். நம் ஊர்ச் சாலைகளோ, பழைய தார் மேல் புதுத் தார் போட்டுப் போட்டு, வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போகின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆகவே இன்றைய சாலை மட்டத்தை மட்டும் நம்பாமல் கேட் பக்கப் பாதையை அதைவிட அரை அடியாவது உயரமாக வைத்துக்கொள். சாலை இப்போதே உயரமாக இருந்தால், கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, இரும்பு ஜாலி மூடி போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பு. பக்கத்து வீட்டு மனைக்குள் திருப்பிவிட்டு வராதே. அந்த வழக்கு வீட்டைவிட நீண்ட ஆயுள் உடையது.

மட்டம் பார்க்க ஆட்டோ லெவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. படிக்கும்போது இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே மட்டம் குறிக்கிற ஆட்களைப் பார்ப்பாய். அந்தக் குறி பொய். அடிப்படைக் குறியை வீட்டின் அஸ்திவாரக் கட்டின் மேல் பெயின்டால் போடு. முளைக்குச்சியில் போடாதே: கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், குச்சியும் கூடவே ஏறி இறங்கும். பிறகு 10 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று எழுதிவை. ஜேசிபி ஓட்டுநர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது மேடு பள்ளம்தான். 10 அங்குல இறக்கம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பஞ்சாப் வயல்களில் லேசர் கதிரைப் பிடித்துத் தானே ஏறி இறங்கும் தகடு பொருத்திய டிராக்டர்கள் ஓடுகின்றன. நம் 40 அடிக்கு முளையும் நூலும் போதும்.

இனி உன் கரிசல் மண். பருத்திக்கு இதைப் போல் மண் இல்லை, பாதைக்கு இதைப் போல் சத்துரு இல்லை. வேரோடு சேர்த்து மேல் மண்ணை ஓர் அடி எடுத்துவிடு, தோட்டத்துக்கு ஆகும். எடுத்த பள்ளத்தில் மணலைக் கொட்டச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். கேட்காதே. மணலுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். கீழே உள்ள கரிசல் அதைக் குடித்து உப்பி, மேலே போட்ட தளத்தைத் தூக்கிவிடும். பிடிப்பு உள்ள, ஆனால் உப்பாத மண்தான் வேண்டும். மும்பை ஐஐடியின் ஆர். கே. கட்டி இப்படிப்பட்ட மண்ணைக் கரிசலின் மேல் படுகையாகப் போடும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். கரிசல் பூமி வழியே போகும் கால்வாய்களுக்கு அது பயன்பட்டது. நம் பக்கத்தில் நல்ல செம்மண் கிராவல் அந்த வேலையைச் செய்யும்.

உன் பாதை 12 அடி அகலம் என்றால் 480 சதுர அடி. ஓர் அடி நிரப்ப 480 கன அடி, அதாவது 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஆனால் லாரியில் வருவது பொலபொலவென்ற மண், இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும். 6 யூனிட் சொல்லிவிடு. மொத்தமாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல் நாலு விரல் மட்டுமே இறுகும். அரை அடிக்கு ஒரு படுகையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இடி. ஈரமும் அளவாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு மண்ணும் குறிப்பிட்ட ஓர் ஈரத்தில்தான் மிக நன்றாக இறுகும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸ் குடிநீர்த் துறைப் பொறியாளர் பிராக்டர் 1933இல் எழுதிக் காட்டினார். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நீ சுத்தியலால் அடித்துப் பார்த்தது அதைத்தான். களத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கு. உருண்டை நின்று, கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளி. கையில் ஒட்டினால் ஒரு நாள் காயவிடு.

காருக்கு 60 மி.மீ. பேவர் பிளாக் போதும். அடியில் ஓர் அங்குல மணல், அதற்கு மேல் வேண்டாம். கிராவலில் விட்ட பள்ளத்தை மணலால் சரிக்கட்டும் ஆட்களை அங்கேயே நிறுத்து. முதல் மழையில் அந்த இடம் குழியாகும். வாட்டம் கிராவலிலேயே வந்துவிட வேண்டும்.

ஜேசிபிக்கு வாடகை மணிக்கணக்கில் ஏறும். முளைகள் எல்லாம் அடித்து, வெட்டு நிரப்புக் கணக்கை எனக்குப் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதன் பிறகு வண்டிக்கு முன்பணம் கொடு.

அன்புடன்,
பெரியப்பா